தொட்டார், பிறகுதான் சுகமாக்கினார்: தொழுநோயாளிகளைப் பற்றிச் சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையிலிருந்து ஒரு சிறு குழுவாக, ஊருக்கு வெளியே இருக்கும் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறோம். புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் கொஞ்சம் கேள்விகள் கேட்பார்கள். சிலர் சத்தமாகக் கேட்பார்கள், சிலர் ஆராதனை முடிந்து வாசலில் தனியாகப் பிடித்துக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் அதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

ஒழியவில்லை. 2005 டிசம்பரில் நம் நாடு எட்டியது வேறொரு இலக்கு. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்குக் கீழே நோய் இறங்கியது. அதனால் இது இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்றார்கள். பத்திரிகைகளில் அதைப் படித்த பலர் "ஒழிந்துவிட்டது" என்றே எடுத்துக்கொண்டார்கள். உலகத்தில் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்.

இந்தக் கணக்கில் வராதவர்களும் உண்டு. மருந்து முடிந்ததும் நோயாளியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். மருத்துவரைப் பொறுத்தவரை அவர் குணமானவர். ஆனால் மடங்கிய விரல்களோடும் உணர்ச்சியற்ற பாதங்களோடும் முப்பது நாற்பது வருடங்களாகக் குடியிருப்புகளில் வாழ்கிறவர்கள் இவர்கள்தான். நாங்கள் போய்ப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கு இப்போது நோயே இல்லை.

தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒட்டாது. இந்தக் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். அது மிக மெதுவாகப் பெருகும் கிருமி. மருந்து எடுக்காத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்ந்தால், மூச்சுக்காற்றின் துளிகள் வழியாகப் பரவக்கூடும். அப்போதுகூட நம்மில் பெரும்பாலானவர்களின் உடம்பு தானாகவே அதை எதிர்த்து நின்றுவிடும். மருந்து எடுக்கத் தொடங்கியவரிடமிருந்து பரவாது. கை குலுக்குவதாலோ, பக்கத்தில் உட்கார்வதாலோ, அவர் சமைத்ததைச் சாப்பிடுவதாலோ வராது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். அங்கே இருக்கும் பாட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கண்டால் எவ்வளவு சந்தோஷம் என்று நேரில் பார்ப்பீர்கள்.

அப்புறம் விரல்கள் எப்படி உதிர்கின்றன? நோய்தானே சதையைத் தின்கிறது?

இதை நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். இதற்கான பதில் கிடைத்தது நம் தமிழ்நாட்டில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பதிலைக் கண்டுபிடித்த மருத்துவர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் மிஷனரிகள். அப்பா 1929-ல் காய்ச்சலில் இறந்து அந்த மலையிலேயே அடக்கமானார். இங்கிலாந்தில் மருத்துவம் படித்த மகன் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். மறுவருடம் செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிப்போனவர் அங்கிருந்த மருத்துவர் காக்ரேன்.

நடக்கும்போதே பிராண்ட் அங்கிருந்தவர்களின் கைகளைக் கவனித்திருக்கிறார். விரல்கள் எல்லாம் கொக்கிபோல் மடங்கிப்போயிருந்தன. ஒரு நோயாளியிடம், என் கையைப் பிடித்து அழுத்து என்றார். செத்துப்போன கை, என்ன அழுத்திவிடப் போகிறது என்றுதான் நினைத்திருப்பார். அவன் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு உயிர் போகிற மாதிரி வலித்ததாம். அப்படியானால் முன்கையின் தசைகள் சாகவில்லை, சில நரம்புகள் மட்டும்தான் அடிபட்டிருக்கின்றன என்று அங்கேயே அவருக்குப் பிடிபட்டது. நல்ல தசையின் நாணை எடுத்து, வேலைசெய்யாத விரலோடு இணைக்கலாமே என்று யோசித்தார். 1948-ல் வேலூரில் அந்த அறுவையைச் செய்தும் காட்டினார்.

சதையை நோய் தின்பதில்லை என்பதும் இந்த உழைப்பில்தான் தெளிவானது. நோய் நரம்பைக் கெடுக்கிறது, அதனால் வலி தெரியாமல் போகிறது. அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குவார்கள், சுடாது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் நாள் முழுக்க நடப்பார்கள், உறுத்தாது. புண் ஆகும், சீழ் பிடிக்கும், எலும்பு கரையும். இரவில் நன்றாக இருந்த விரல் காலையில் காணாமல் போகிறதே என்று சில நோயாளிகள் பதறினார்கள். காவலிருந்து பார்த்தபோது, தூங்கும்போது எலி வந்து கடிப்பது தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளத்தான் அவர்களுக்கு வலி தெரியாதே. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறதல்லவா? உணர்ச்சியற்ற பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைப்பது தொழுநோயாளிகளின் கால்களுக்காக வேலூர்ப் பக்கத்தில் வளர்ந்த யோசனைதான். உங்கள் வீட்டில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு நடந்தால், அதற்குப் பின்னால் யாருடைய பாதங்கள் இருந்தன என்று அவர்களுக்கும் சொல்லுங்கள்.

பைபிளில் வரும் குஷ்டரோகம் இதே நோய்தானா?

அப்படியே இது என்று சொல்ல முடியாது. லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களை வாசித்தால் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூடக் குஷ்டம் வருகிறது. எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் பலவகைத் தோல் நோய்களையும், பூசணம் மாதிரியான கறைகளையும் சேர்த்துக் குறிக்கிறது. மொழிபெயர்த்தபோது எல்லாம் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. பாவம், அந்த அதிகாரத்தின் பாரம் முழுவதையும் இந்த நோய் வந்தவர்கள் சுமக்க வேண்டியதாயிற்று.

நோய் எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவைத்த விதம் நமக்கு நன்றாகவே புரியும். கிழிந்த உடை, மூடிய வாய், "தீட்டு, தீட்டு" என்ற கூச்சல், பாளையத்துக்குப் புறம்பே தனி வாசம். தீட்டு என்ற சொல்லுக்குத் தமிழ் வாசகருக்கு அகராதி வேண்டியதில்லை.

இயேசு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே குணமாகியிருக்குமே, ஏன் தொட்டார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதன் வந்து முழங்கால்படியிட்டு, உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும் என்கிறான். உம்மால் முடியுமா என்று அவன் கேட்கவில்லை, முடியும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. என்மேல் உமக்கு மனது இருக்கிறதா என்பதுதான் அவனுடைய கேள்வி. அத்தனை வருடம் மனிதர்கள் விலகி விலகிப் போனதைப் பார்த்தவனுக்கு வேறென்ன கேள்வி வரும்?

இயேசு மனதுருகினார் என்று நம் வேதாகமம் சொல்கிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நம் அம்மாக்கள் சொல்வார்களே, அந்த இடத்திலிருந்து கிளம்புகிற உருக்கம். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்த இடத்தில் "கோபங்கொண்டு" என்றே இருக்கிறது. ஒரு மனிதனை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டதைப் பார்த்து வந்த கோபம் என்று வைத்தால், அதுவும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கையை நீட்டுகிறார், தொடுகிறார், பிறகு "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு" என்கிறார், அதன் பிறகுதான் நோய் நீங்குகிறது. அவர் தொட்டது சுகமான உடம்பை அல்ல, புண்ணோடு இருந்த உடம்பை. தொட்டவனுக்கும் தீட்டு என்பது நியாயப்பிரமாணம். அது தெரிந்தேதான் தொட்டார்.

அப்புறம் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்று அவனை அனுப்புகிறார். குணமானவன் ஊருக்குள் திரும்பிப் போக அந்த அத்தாட்சி வேண்டும். தோல் சரியானதோடு விட்டுவிடாமல், அவன் வீடு போய்ச் சேரும் வழியையும் பார்க்கிறார். அவனோ போய் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறான். அதனால் இயேசு வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் போக முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார் என்று அதிகாரம் முடிகிறது. வெளியே கிடந்தவன் உள்ளே போய்விட்டான், உள்ளே இருக்கவேண்டியவர் வெளியே நிற்கிறார். நான் இந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஒருநாள் அந்தக் குடியிருப்பின் சின்ன ஜெபக்கூடத்தில் ஒரு தாத்தா சத்தமாக வாசித்துவிட்டு, "எங்க இடத்துக்கு வந்துட்டாரு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பைபிளில் வரும் மிரியாமுக்கும் கேயாசிக்கும் குஷ்டம் தண்டனையாகத்தானே வந்தது? அப்படியானால் இது பாவத்தின் பலன் இல்லையா?

அந்தக் கதைகள் இருப்பது உண்மை, உசியா ராஜாவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் குஷ்டத்திலிருந்து குணமான படைத்தலைவன் நாகமான் கதையும் அதே பைபிளில்தான் இருக்கிறது. அவனுக்கு நோய் வந்தது பாவத்தால் என்று ஓர் எழுத்துகூட இல்லை. யோபின் உடம்பெல்லாம் பருக்கள் வந்தபோது, நீ ஏதோ செய்திருப்பாய் என்று வாதாடிய நண்பர்களைக் கடைசியில் கர்த்தர் கண்டித்தார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு நேரடியாகவே பதில் சொன்னார்.

பிரசங்கம் செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். "பாவம் என்னும் குஷ்டம்" என்று நம் மேடைகளில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். சொல்கிறவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம்தான். எங்கள் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா ஒருமுறை எங்களோடு ஆராதனைக்கு வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த வார்த்தை வந்ததும், மடியில் இருந்த கைகளை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. உவமைக்கு வேறு எவ்வளவோ கிடைக்கும், இதை விட்டுவிடுங்கள்.

இந்த ஊழியத்தை யார் தொடங்கினார்கள்?

ஒரே ஆளைச் சொல்ல முடியாது. அயர்லாந்துக்காரரான வெல்லெஸ்லி பெய்லி 1869-ல் பஞ்சாப் பக்கம் அம்பாலாவில் ஆசிரியராக இருந்தபோது நோயாளிகள் தங்கியிருந்த குடிசைகளைப் பார்த்தார். அதிலிருந்து 1874-ல் பிறந்தது தொழுநோய் மிஷன். ஏறக்குறைய அதே சமயம், 1873-ல், பெல்ஜியப் பாதிரியார் தமியான் ஹவாய்த் தீவுகளில் நோயாளிகளை ஒதுக்கிவைத்திருந்த மொலோக்காய்க்குப் போனார். அவர்களுக்கு வீடு கட்டினார், புண் கட்டினார், பெட்டி செய்து அடக்கம் பண்ணினார். அவருக்கும் நோய் வந்து 1889-ல் இறந்தார். 2009-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நம் பக்கத்தில் வேலூருக்கு அருகே கரிகிரி மருத்துவமனை 1955-ல் வந்தது. அதே 1955-ல் மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸும் கிளேர் வெல்லூ அம்மையாரும் மையம் தொடங்கினார்கள். நோயாளி மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வண்டியில் மருந்தைப் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், சாலையோர மரத்தடியில் மேசை போட்டு மருந்து கொடுத்தார்கள். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்காமலே குணமாக்க முடியும் என்பது அந்த மரத்தடிகளில் நிரூபணமானது.

மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. வேலூரில் இளம் மருத்துவர். 1954-ல் ஒரு சாலை விபத்தில் முகம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் குழுவினர் அவருக்கு வழி காட்டினார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, வேலூரில் அதற்கான தனிப்பிரிவையே நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நடக்க முடியாத மருத்துவர், பிடிக்க முடியாத கையைச் சரிசெய்கிறார். அறுவைக்குக் காத்திருந்தவர்களுக்கு அதைப் பார்த்தே பாதித் தைரியம் வந்திருக்கும்.

அறுவை செய்து கையைச் சரியாக்கினால் போதுமே, வேறென்ன வேண்டும்?

பிராண்டும் முதலில் அப்படித்தான் நினைத்தார். சரியான கைகளோடு வெளியே போன ஒருவர் திரும்பி வந்து முறையிட்டார். கை மடங்கியிருந்தபோது பிச்சையாவது கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை, வேலையும் தரமாட்டேன் என்கிறார்கள் என்றார். அதைக் கேட்ட பிறகு, வேலூரில் நவஜீவ நிலையம் என்று மண்வீடுகளாகக் கட்டி, தச்சு வேலை போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். புருவம் உதிர்ந்த முகம் ஊரில் காட்டிக்கொடுக்கிறது என்பதால் தலைத்தோலிலிருந்து எடுத்துப் புருவம்கூட வைத்தார்கள். மருத்துவக் கணக்கில் புருவம் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்காருவாரா மாட்டாரா என்பதை அதுதான் முடிவு செய்தது.

மதம் மாற்றத்தானே இதையெல்லாம் செய்தார்கள்?

கேட்கத் தகுந்த கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்லவேண்டும். மிஷனரிகள் சுவிசேஷம் சொல்ல விரும்பியவர்கள் என்பதை மறைக்கவேண்டியதில்லை. சில இடங்களில் மருந்தையும் பிரசங்கத்தையும் பிரிக்க முடியாதபடி சேர்த்துக் கொடுத்திருந்தால், அது தவறு. நோயில் கிடக்கிறவருக்கு மறுக்கும் சுதந்தரம் ஏது?

சுவிசேஷத்திலேயே இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று கூப்பிடுகிறார்கள். பத்துப் பேரும் குணமாகிறார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், வருத்தப்பட்டார். ஆனால் கொடுத்த சுகத்தை ஒருவனிடமிருந்தும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது பேர் திரும்பியே பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் பத்துப் பேருக்கும் செய்கிறோமா என்று நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்கிறோம்.

இரக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருத பண்டிதரின் தொழுநோய்ப் புண்களைக் காந்தி தம் கையாலேயே கழுவிக் கட்டினார். காந்தி மறைந்த ஜனவரி 30-ஐத்தான் நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

குணமானவர்களை அவர்கள் வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாமே?

சேர்த்துக்கொண்ட வீடுகளும் உண்டு. சேர்க்காத வீடுகளில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது. அதனால் பலர் தாங்களே விலகிப் போனார்கள். செத்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்று வீட்டாரிடம் தானே சொல்லிவிட்டு வந்ததாக ஓர் அண்ணன் என்னிடம் சொன்னார். தங்கை கல்யாணத்தன்று அவர் மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம்.

சட்டமும் அவர்களுக்கு எதிராகவே இருந்தது. 1898-ல் வெள்ளையர் கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. அதை முறைப்படி நீக்கியது 2016-ல். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று திருமணச் சட்டங்களில் இருந்த பிரிவு 2019-ல்தான் போனது. மாத்திரையால் குணமாகும் நோய்க்கு அதுவரை அப்படி ஒரு சட்டம் இருந்தது.

வருடாவருடம் கிறிஸ்துமஸுக்குப் போர்வையும் கேக்கும் கொண்டுபோகிறோம். அது போதாதா?

கொண்டுபோங்கள், குளிருக்குப் போர்வை தேவைதான். ஆனால் முதல் தடவை நாங்கள் போனபோது நடந்ததைச் சொல்கிறேன்.

வரிசையாக நிற்கவைத்துப் போர்வை கொடுத்தோம், பாட்டுப் பாடினோம், ஜெபித்தோம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒரு பாட்டி டீ கொண்டுவந்தார். விரல்கள் இல்லாததால் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார். எங்களில் ஒருவர் "இப்பதான் குடிச்சிட்டு வந்தோம் பாட்டி" என்றார். நானும் தலையாட்டினேன். நாங்கள் காலையிலிருந்து எதுவும் குடித்திருக்கவில்லை. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதே மாதிரி மெதுவாகத் திரும்பிக் கொண்டுபோய்விட்டார். அந்தப் பதிலை அவர் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று யோசித்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் தனியாகப் போனேன். டீ வேண்டும் என்று நானே கேட்டேன். பாட்டி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சர்க்கரை கூடவா குறைச்சா என்று கேட்டார்.

கொடுப்பது சுலபம். கொடுக்கும்போது நம் கை மேலே இருக்கும். அவர்கள் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுவதுதான் கடினம். இயேசு பாவிகளுக்கு அன்னதானம் செய்தார் என்று அவர் பெயரில் யாரும் குற்றம் சாட்டவில்லை, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. மத்தேயு 25-ல் "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு" என்று சொல்லும்போது, அவர் ஏழைக்கு இரங்கும் வள்ளலின் இடத்தில் நிற்கவில்லை. பசித்தவனாகவும் வியாதியுள்ளவனாகவும் எதிரே நிற்கிறார்.

எனவே போர்வையோடு சேர்த்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வரும்படியாக நேரம் ஒதுக்குங்கள். டிசம்பரில் போகிற சபைகள் நிறைய. ஜூலையில் யாரும் வருவதில்லை.

திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் அவர்களோடு குடிக்கலாமா?

குடிக்கலாம். மருத்துவப்படி பயப்பட ஒன்றுமில்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். அவர்களைக் கடைசியாக வரச் சொல்லும் வழக்கம் எங்கேயாவது இருந்தால், போதகர் அதை உடனே நிறுத்தவேண்டும்.

படம் எடுத்துப் போடலாமா? நாலு பேர் பார்த்து உதவுவார்களே.

வேண்டாம். கையையும் காலையும் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் போன் இருக்கிறது. அவர்களாகவே கூப்பிட்டு ஒரு போட்டோ எடு என்றால் எடுத்து, அச்சுப்போட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது?

பாட்டி, தாத்தா, அம்மா, அண்ணன், அக்கா. ஊரில் எல்லோரையும் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே. "குஷ்டரோகி" என்ற சொல் வேத வாசிப்பில் வரும், அதற்குமேல் நம் வாயில் வரவேண்டாம். பெருவியாதிக்காரன் என்பதும் வேண்டாம். எழுத்தில் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்றால், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர் என்று எழுதுங்கள்.

தொழுநோயாளிகளை மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? ஒதுக்கப்பட்டவர்கள் வேறு இல்லையா?

இருக்கிறார்கள். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள், திருநங்கைகள், மனநோய் வந்தவர்கள், சிறையிலிருந்து திரும்பியவர்கள். எனக்குத் தெரிந்த இடத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், மற்றதை அங்கே நிற்கிறவர்கள் எழுதவேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கமே பொய்யாகிவிடும். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. நடுவில் சுவர் எழுப்பிய கல்லறைகளும் உண்டு. ஊருக்கு வெளியே போய்த் தொழுநோயாளியின் கையைப் பிடித்துவிட்டு வந்து, சொந்தச் சபையில் செத்தவரைக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கிறோம் என்றால், நாம் யாரைத் தொட்டோம்? எங்கள் குழுவில் சேருகிறவர்களிடம் இதையும் பேசுகிறோம். சிலருக்குப் பிடிக்காமல் போயிருக்கிறது. அதற்காகப் பேசாமல் இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தோலில் தேமல் மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

வெளிறியோ சிவந்தோ ஒரு படை, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை அல்லது குறைவு, அரிப்பும் இல்லை என்றால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கை கால்களில் மரத்துப்போவதையும் கவனியுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். கூட்டு மருந்துகள் ஒரு மாதத்துக்கு ஓர் அட்டையாக வரும், நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். ஒரு மாத்திரை சிறுநீரைச் சிவப்பாக்கும், இன்னொன்று தோலைக் கொஞ்சம் கறுக்க வைக்கும். பயந்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள், மருந்து முடிந்ததும் நிறம் மெல்ல மெல்லத் திரும்பும். சீக்கிரம் தொடங்கினால் விரலுக்கோ பாதத்துக்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் தேவையில்லை. மற்றவர்களையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களோடு வந்தால் எனக்கு அங்கே என்ன வேலை?

பெரும்பாலும் பாதம் கழுவும் வேலைதான். உணர்ச்சியற்ற பாதத்தில் தோல் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு புண்ணாகும். தினமும் பார்த்துக்கொண்டால் புண் வராது. ஒரு பேசினில் பச்சைத் தண்ணீர், இருபது நிமிடம் கால் ஊறவேண்டும். வெந்நீர் கூடவே கூடாது, சூடு அவர்களுக்குத் தெரியாது. ஊறியதும் காய்த்த இடத்தைக் கல்லால் மெதுவாகத் தேய்க்கவேண்டும். ஈரம் முழுக்கத் துடைக்காமல் தேங்காய் எண்ணெய் தடவவேண்டும். பிறகு விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும் சிவப்பு இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அவர்களே செய்துகொள்வார்கள், குனிய முடியாத வயதானவர்களுக்குத்தான் நாம் வேண்டும்.

அந்த இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். அப்போதுதான் பேச்சு வரும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அந்தக் காலத்தில் என்ன பயிர் வைத்தார்கள் எல்லாம் வரும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். துண்டு ஒன்று கொண்டுவாருங்கள். டீ பாட்டி போட்டுத் தருவார்.